சின்னப் பட்டறையில் பாதுகாப்புச் சோதனை: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் எழுதுவது

பத்து முதல் ஐம்பது பேர் வரை வேலை செய்யும் இடங்களுக்கான வழிகாட்டி இது. கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளின் லேத், பிரஸ், ரப்பர் பட்டறைகள், மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பாலிஷ் கூடங்கள், மதுரையைச் சுற்றியுள்ள அரிசி ஆலைகள் எல்லாம் இதில் அடங்கும். பாதுகாப்புக்கென்று தனி அதிகாரி இங்கே இருக்கமாட்டார். சூப்பர்வைசரோ, முதலாளி வீட்டுப் பிள்ளையோ, தொழிலாளர் சார்பில் ஒருவரோதான் சுற்றிப் பார்க்க வேண்டும். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் அச்சடித்த செக்லிஸ்டைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் அறையில் தொடங்குகிறார்கள். தீயணைப்பான் எத்தனை, முதலுதவிப் பெட்டி எத்தனை என்று டிக் அடித்துக்கொண்டே போகிறார்கள். கட்டமெல்லாம் நிரம்பிவிடும், கையை இழுக்கப்போகும் மெஷின் பெல்ட் மட்டும் கண்ணில் படாது. வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, காகிதத்துக்குக் கடைசியில் வர வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. போவதற்கு முன்

வேலை மும்முரமாக ஓடும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போனால் எந்தப் பட்டறையும் பளபளவென்றுதான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வெக்கையைப் பார்க்க வேண்டுமானால் சித்திரை, வைகாசி மாதங்களில் மதியம் 2 மணியிலிருந்து 4 மணிக்குள் போக வேண்டும். மார்கழிக் காலையில் பார்த்துவிட்டு 'காற்றோட்டம் சரி' என்று எழுதுவதில் பயனில்லை. இரண்டு ஷிஃப்ட் ஓடும் இடமானால், ஷிஃப்ட் மாறும் அரைமணி நேரமாவது அங்கே இருங்கள்.

கையில் நல்ல டார்ச், டேப், சாக்பீஸ், நோட்டு, போன். காலில் முழு ஷூ. வேட்டி, தோள் துண்டு, தொங்கும் ஐடி கார்டு, மோதிரம் வேண்டாம். சோதிக்கப் போன ஆளின் துணியையும் பெல்ட் இழுக்கும்.

கடந்த ஓராண்டில் யார் யாருக்கு அடிபட்டது என்று கேளுங்கள். விபத்துப் பதிவேடு பெரும்பாலும் காலியாக இருக்கும். அப்போது முதலுதவிப் பெட்டியைத் திறந்து, எது தீர்ந்திருக்கிறது என்று பாருங்கள். கண் மருந்து தீர்ந்திருந்தால் கிரைண்டர் பக்கமோ வெல்டிங் பக்கமோ ஏதோ இருக்கிறது. தீப்புண் களிம்பு மட்டும் அடிக்கடி வாங்குகிறார்கள் என்றால் சூடான அச்சையோ நீராவிக் குழாயையோ தேடிப் போக வேண்டும். பெட்டி புத்தம் புதிதாக, பிரிக்காமல் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடிபட்டவர்கள் வேறெங்கோ மருந்து போட்டுக்கொள்கிறார்கள் என்று அர்த்தம்.

முதலாளியிடம் ஒன்றை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்: யாருக்காவது இப்போதே அடிபடும் என்று தோன்றினால் அந்த மெஷினை நிறுத்தச் சொல்வேன். உள்ளே போனபிறகு இதைப் பேச ஆரம்பித்தால் சண்டையாகிவிடும்.

2. சரக்கு போகிற வழியிலேயே போங்கள்

அறை அறையாகப் பார்க்காமல், லாரியில் சரக்கு இறங்கும் இடத்தில் தொடங்கி, அது மெஷின் மெஷினாக மாறி, மறுபடி வண்டி ஏறும் வரை கூடவே நடங்கள். நடந்தபடியே ஒரு பக்கத்தில் கோட்டுப் படம் போட்டுக்கொள்ளுங்கள். மெஷின், கதவு, மெயின் போர்டு, தீயணைப்பான், குழி இவை போதும்.

இப்படி நடந்தால்தான் சரக்கு கைமாறும் இடங்கள் தெரியும். ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மூட்டையோ தகடோ போகும் அந்த நாலடி தூரம் யார் பொறுப்பிலும் இருக்காது. சறுக்கலும் இடுப்புப் பிடிப்பும் காலில் சரக்கு விழுவதும் அங்கேதான் அதிகம்.

3. பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள்

நோட்டை மூடி வைத்துவிட்டு ஓர் ஓரமாக நில்லுங்கள். நீங்கள் வந்த முதல் சில நிமிடங்கள் எல்லோரும் ஒழுங்காக வேலை செய்வார்கள், கழற்றி வைத்த மூடி திரும்ப ஏறும். கொஞ்ச நேரம் போனால் பழைய பழக்கம் வந்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான்.

யார் எங்கே குனிகிறார், கை எங்கே எட்டிப் போகிறது, எந்த இடத்தில் எல்லோரும் சுற்றிப் போகிறார்கள் என்று கவனியுங்கள். காரணமில்லாமல் யாரும் சுற்றிப் போகமாட்டார்கள். காதையும் மூக்கையும் இப்போதே பயன்படுத்துங்கள். அரைமணி நேரம் உள்ளே இருந்தால் மூக்கு பழகிவிடும், அப்புறம் தின்னர் வாடைகூடத் தெரியாது.

4. தரை, வழி, வாசல்

உள்ளே எங்காவது தொலைவான மூலையில் நின்று, இப்போது கரண்ட் போய்ப் புகை வந்தால் எந்த வழியாக வெளியே போவேன் என்று நினைத்து நடந்து பாருங்கள். பின்கதவு பூட்டியிருந்தால் சாவி எங்கே என்று கேளுங்கள். சாவி திருட்டுக்குப் பயந்து மேஜை டிராயரில் இருக்கும், டிராயரின் சாவி முதலாளியிடம் இருக்கும். ஆள் உள்ளே இருக்கும் நேரத்தில் வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தீயணைப்பானின் முள் பச்சையில் இருக்கிறதா, மாட்டியிருக்கும் இடத்துக்குக் கை எட்டுகிறதா, எங்கே நின்றாலும் 15 மீட்டருக்குள் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப்பெட்டிக்குப் பின்னால் இருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கூட்ட நெரிசலுக்கு, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் வைத்த அளவு நல்ல உரைகல்: ஆளுக்கு 14.2 கன மீட்டர் இடம், 4.2 மீட்டருக்கு மேலுள்ள உயரத்தைச் சேர்க்கக் கூடாது. 6 மீட்டருக்கு 9 மீட்டர் அறை, 4 மீட்டர் உயரம் என்றால் 216 கன மீட்டர், அதாவது 15 பேர். குடிதண்ணீர்ப் பானை கழிப்பறையிலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருந்தது. டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்.

5. மெஷின்கள்: ஓடும்போது ஒரு முறை, நின்றபின் ஒரு முறை

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். முதலில் ஓடும்போது, கை எட்டாத தூரத்தில் நின்று, சுற்றுகிற பாகம், அடிக்கிற பாகம், இரண்டு உருளை சேர்ந்து உள்ளே இழுக்கும் வாய் என மூன்றையும் தேடுங்கள். பெல்ட் புல்லிக்குள் நுழையும் இடமும் இழுக்கும் வாய்தான். பிறகு மெஷினை நிறுத்தச் சொல்லி, ஸ்விட்சைப் பூட்டிவிட்டு, ஒரு குச்சியால் மூடியைத் தாண்டி அந்த இடத்தைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். குச்சி போனால் விரலும் போகும்.

மூடியே இல்லையென்றால் 'மூடி இல்லை' என்று எழுதிவிட்டு நகராதீர்கள். ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். "அதக் கழட்டி வச்சாத்தாண்ணே வேலை ஓடும்" என்று பதில் வரும், அதில் உண்மையும் இருக்கும். எண்ணெய் விட வழியில்லை, சிக்கிய சரக்கை எடுக்க முடியவில்லை, நாலு போல்ட் கழற்றப் பத்து நிமிடமாகிறது என்று ஏதாவது இருக்கும். எண்ணெய்க் குழாயை வெளியே நீட்டி, மூடிக்குக் கீல் வைத்துக் கொடுத்தால் மூடி தங்கும். திட்டி மாட்ட வைத்த மூடி நீங்கள் வாசலைத் தாண்டும்வரைதான்.

அடிபடும் நேரத்தைக் கவனியுங்கள். உற்பத்தி சீராக ஓடும்போது கையை உள்ளே விட வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை. சரக்கு சிக்கினால், துடைக்கும்போது, அச்சு மாற்றும்போது, ரிப்பேர் பார்க்கும்போதுதான் கை உள்ளே போகிறது. அதனால் 'சிக்கினால் எப்படி எடுப்பீர்கள், செய்து காட்டுங்கள்' என்று மெஷினை நிறுத்தி வைத்துக் கேளுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் வேறொருவர் போட்டுவிடுவார். மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவி உள்ளே கை விடுகிறவரின் பையில் இருக்க வேண்டும். ஒரு பூட்டு வாங்கும் செலவுதான், எந்தச் சின்னப் பட்டறையும் செய்யலாம்.

நம்மூருக்கென்று ஒரு கேள்வி: கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மெஷின் தானாக ஓடுகிறதா? சாதாரண ஸ்விட்சில் நேரடியாக இணைத்த மோட்டார் தானாகவே கிளம்பும். கரண்ட் போன இடைவெளியில்தானே எல்லோரும் கையை விட்டுத் துடைக்கிறார்கள். திரும்ப பட்டனை அமுக்கினால்தான் ஓடும் ஸ்டார்ட்டர் இருக்கிறதா என்று ஒவ்வொரு மெஷினுக்கும் குறித்துக்கொள்ளுங்கள்.

தனித்தனியாகச் சில:

கிரைண்டர். கல்லுக்கும் கீழே வேலை வைக்கும் தாங்கிக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கல் தேயத் தேயத் தாங்கியை நெருக்கி வைக்காவிட்டால் வேலைத்துண்டு இடைவெளியில் சிக்கிக் கல் உடையும். கல்லின் மேல் எழுதியிருக்கும் வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். புதுக் கல்லை மாட்டும் முன் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று கேட்கும்.

பவர் பிரஸ். தகட்டை அச்சில் அடித்து வெட்டும் மெஷின் இது. ஒரு கையால் சரக்கு வைத்துக் காலால் மிதிப்பது பெரிய ஆபத்து. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் இறங்கும் அமைப்பு இருந்தால், ஒரு பட்டனில் குச்சி செருகி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு மிதிக்கு இரண்டு முறை இறங்கும் பிரஸ்ஸை அன்றே நிறுத்த வேண்டும்.

ரப்பர் மிக்சிங் ரோல். அவசரக் கம்பியை ஆள் நிற்கும் இடத்திலிருந்தே எட்ட வேண்டும். வெறும் ரோல் ஓடும்போது இழுத்து, சட்டென்று நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கம்பி இருப்பதை மட்டும் எழுதிவிட்டு வருபவர்கள் நிறைய.

லேத், டிரில். புதியவர்கள் இங்கே 'கையுறை போடவில்லை' என்று குறை எழுதுகிறார்கள். சுற்றுகிற மெஷினில் கையுறைதான் ஆபத்து, நூல் சிக்கினால் கையோடு சுற்றிக்கொள்ளும். கையுறை தகடு தூக்கும்போது வேண்டும், டிரில்லின் முன்னால் கழற்ற வேண்டும். சக் (வேலைத்துண்டைப் பிடித்துச் சுற்றும் பாகம்) இறுக்கும் சாவியைச் சக்கிலேயே விட்டுவிடுகிறார்களா என்பதையும் பாருங்கள்.

6. கரண்ட்

போர்டைத் திறக்காதீர்கள், அது எலக்ட்ரீஷியன் வேலை. வெளியிலிருந்து பார்ப்பதற்கே நிறைய இருக்கிறது.

டிரிப்பர் இருக்கிறதே என்று திருப்திப்பட வேண்டாம். சாதாரண எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழும் டிரிப்பர்) வயரைக் காப்பாற்றும், ஷாக் அடிக்கும் ஆளைக் காப்பாற்றாது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் டிரிப்பர்) வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை எலக்ட்ரீஷியனை அமுக்கச் சொல்லுங்கள், விழாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

கையில் எடுத்துப் போகிற சாமான்களை முதலில் பாருங்கள்: பெடஸ்டல் ஃபேன், கைக் கிரைண்டர், தண்ணீர் மோட்டார், நீள வயர். ஈரத் தரையில் இழுபடும் வயரில் டேப் சுற்றிய இணைப்பு இருந்தால் அன்றே வெட்டி எறிய வேண்டும். கிரானைட் பாலிஷ் கூடத்தில் தண்ணீரும் கரண்டும் ஒரே தரையில் இருப்பதால் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். எர்த் பின் ஒடிந்த பிளக், பிளக்கே இல்லாமல் தீக்குச்சி வைத்துச் செருகிய வயர் எல்லாம் போட்டோவோடு குறிப்பில் ஏறட்டும்.

ஜெனரேட்டர் அறையின் புகைக்குழாய் வெளியே போகிறதா? மூடிய அறையில் அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேர்ந்துவிடும், அதற்கு வாடையே இல்லை.

வெல்டிங் இடத்தில் ஆக்சிஜன் சிலிண்டரின் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படுகிறதா என்று பாருங்கள். அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். சிலிண்டர்களைச் சங்கிலியில் கட்டி நிறுத்தியிருக்க வேண்டும்.

7. உடனே வலிக்காத ஆபத்துகள்

வெட்டினால் ரத்தம் வரும், எல்லோரும் ஓடி வருவார்கள். தூசியும் சத்தமும் அப்படி இல்லை, பெரும்பாலும் பல வருஷம் கழித்துத்தான் காட்டும். அதனாலேயே இதை அவசரமில்லாத விஷயமாகத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் கவலை அதிகம்.

தூசி. கண்ணுக்குத் தெரிவது கனமான தூசி, அது மூக்கிலேயே தங்கிவிடும். நுரையீரலுக்குள் போகும் நுண்தூசியை டார்ச்சால் பார்க்கலாம். வேலை செய்பவருக்குப் பின்னால் நிழலான பக்கம் இருக்கும்படி நின்று, தூசி வரும் இடத்தின் வழியாக வெளிச்சம் போகுமாறு டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி, எதிர்ப்புறத்திலிருந்து சற்றுப் பக்கவாட்டில் பாருங்கள். சினிமா கொட்டகை ஒளிக்கற்றைபோல் தூசி மிதப்பது தெரியும். முதலாளியையும் அதே இடத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதும் அறிக்கையைவிட அது அதிகம் பேசும்.

கிரானைட்டில் சிலிக்கா இருக்கிறது. அந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும், காய்ந்த தூளைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, கம்ப்ரஸர் காற்றால் உடம்பையோ மெஷினையோ ஊதக் கூடாது. வாயில் கட்டிய கைக்குட்டை இந்தத் தூசியைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 தர மாஸ்க் வேண்டும், அதுவும் தண்ணீர் விட்டபிறகு மிச்சமிருக்கும் தூசிக்குத்தான்.

சத்தம். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் 85 டெசிபலைத் தாண்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். போன் செயலி சரியான எண்ணைத் தராது, ஆனால் எந்த மெஷின் மோசம் என்று ஒப்பிட உதவும். காதடைப்பான் கொடுக்கும் முன், தளர்ந்த போல்ட், உலர்ந்த பேரிங், அதிரும் தகடு ஆகியவற்றைத் தேடுங்கள். சத்தத்தில் நல்ல பங்கு அங்கிருந்து வரலாம்.

வெக்கை. தகரக் கூரைக்குக் கீழே நிற்பவருக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். தண்ணீர் எங்கே இருக்கிறது, மெஷினை விட்டுப் போய்க் குடிக்க விடுகிறார்களா என்று கேளுங்கள். கழிப்பறை சரியில்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இதை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள், கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். வெக்கையில் ஒருவர் தடுமாறிப் பேசினால், உடம்பு கொதித்தால், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று அங்குள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிச்சம். டியூப் லைட் துடிப்பதால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும் சக் நின்றுவிட்டதுபோல் தோன்றும். லேத்துக்கு மேல் தனியாக, துடிக்காத விளக்கு ஒன்று வேண்டும்.

8. கூரையும் குழியும்

இந்த இரண்டிலும் உயிர் போகும், அதனால் வேலை நடக்காத நாளிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் யார் ஏறுகிறார், எதற்கு? மழைக்கு முன் ஓட்டை அடைக்க வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவார்கள். வெயிலில் நொறுங்கிய ஷீட் ஆளின் எடையைத் தாங்காது. பலகை போட்டு, அதன் மேல்தான் நடக்க வேண்டும், தோளையும் தொடையையும் பிடிக்கும் முழு உடல் பட்டையை நிலையான இரும்பில் கட்ட வேண்டும். ஏணி நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் சாய்ந்திருக்க வேண்டும்.

அரிசி ஆலையின் ஊறல் தொட்டி, நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் குழி, கழிவுத் தொட்டி ஆகியவற்றில் விஷவாயு தங்கியிருக்கலாம், மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனே குறைந்திருக்கலாம். அந்த விஷவாயுக்களில் ஒன்றான ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கை மரக்கச் செய்துவிடும், எனவே 'வாடை இல்லை' என்பது பாதுகாப்பு ஆகாது. உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார், இப்படித்தான் ஒன்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போகின்றன. வாயு அளக்கும் கருவி, காற்று ஊதும் விசிறி, மேலே கயிறு பிடித்து நிற்க ஆள் இவை இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று எழுதி, குழியின் மூடிக்குப் பூட்டுப் போடச் சொல்லுங்கள். உள்ளே கொண்டுபோகும் விளக்கு 24 வோல்ட்டுக்கு மேற்படக் கூடாது.

9. ஆட்களிடம் தனியாகப் பேசுங்கள்

பார்த்து முடித்தபிறகுதான் இது. முன்பே பேசினால் எதைக் கேட்பதென்று உங்களுக்கே தெரியாது. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள், டீ நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

'ஏதாவது ஆபத்து இருக்கா?' என்றால் 'ஒண்ணுமில்லண்ணே' என்றுதான் வரும். 'புதுசா ஒரு பையன் வந்தா எந்த மெஷின்கிட்டப் போகாதேன்னு சொல்லுவீங்க?' என்று கேளுங்கள், உடனே கை காட்டுவார்கள். வெளிமாநிலத்து ஆட்கள் இருந்தால் அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மோசமான வேலை பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. யார் சொன்னது என்று அறிக்கையில் பெயர் போடாதீர்கள்.

10. எழுதுவது

ஒவ்வொரு குறைக்கும் இடம், என்ன இருக்கிறது, யாருக்கு என்ன ஆகலாம், என்ன செய்ய வேண்டும், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று ஆறு விவரம் வேண்டும். 'பாதுகாப்பு போதாது' என்று எழுதினால் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். '2-ஆம் பிரஸ், ஒரே மிதிக்கு இருமுறை இறங்குகிறது, கை நசுங்கும், ரிப்பேர் முடியும்வரை மெயினில் பூட்டு, பொறுப்பு சூப்பர்வைசர், இன்றே' என்று எழுதினால் நடக்கும்.

வரிசைப்படுத்தும்போது, எத்தனை முறை நடக்கிறது என்பதற்கு முன்னால், நடந்தால் எவ்வளவு மோசம் என்று பாருங்கள். உயிரோ உறுப்போ போகக்கூடியது அன்றே நிற்க வேண்டும். மற்றதற்கு ஒரு வாரம், ஒரு மாதம் என்று தேதி போடுங்கள். நாற்பது குறையைச் சமமாக அடுக்கிக் கொடுத்தால் முதலாளி செலவு குறைந்த பத்தைச் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்.

தீர்வு எழுதும்போது மேலிருந்து கீழே வாருங்கள்: ஆபத்தையே எடுத்துவிட முடியுமா, வேறு பொருளோ முறையோ உண்டா, மூடியோ தடுப்போ வைக்கலாமா, வேலை முறையை மாற்றலாமா. கண்ணாடி, மாஸ்க், கையுறை எல்லாம் கடைசி. 'கவனமாக இருக்கச் சொல்லவும்' என்ற வரி உங்கள் அறிக்கையில் வரவே கூடாது, அது குறையைத் தொழிலாளி மேல் தள்ளிவிட்டுப் போவது.

காகிதங்களை இப்போது கேளுங்கள்: கொதிகலன் சான்றிதழ், லிஃப்ட், தூக்குச் சங்கிலிச் சோதனைத் தேதிகள், இஎஸ்ஐ பதிவு. முதலுதவிப் பெட்டி 150 பேருக்கு ஒன்று என்பது 1948 சட்டத்தின் கணக்காக இருந்தது, ஆனால் இரண்டு கட்டடம் இருந்தால் இரண்டு வையுங்கள். அடிபட்டவரை எந்த மருத்துவமனைக்கு, யார் வண்டியில், இரவென்றால் யார் கூட்டிப்போவது என்பது சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

11. திரும்பப் போவது

அன்றே நிறுத்தச் சொன்னவற்றை மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள், போனில் கேட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் கழித்துப் போகும்போது சொல்லாமல் போங்கள், முடிந்தால் இரவு ஷிஃப்டில். புது மூடி வைத்திருந்தால் அதனால் புதுச் சிக்கல் வந்திருக்கிறதா என்று மெஷின் ஓட்டுபவரிடம் கேளுங்கள். மூடி வைத்தபின் சூடு தங்குகிறது, வெளிச்சம் மறைகிறது என்றால் அவர் அதைக் கழற்றத்தான் போகிறார். அதையும் சரிசெய்து கொடுத்துவிட்டு, செய்யாமல் விட்டவற்றைப் பழைய தேதியோடு புது அறிக்கையின் முதல் பக்கத்தில் ஏற்றுங்கள்.